பூதத்தானின் கொட்டைவாழை

தாராவியில் பூதத்தானுக்கு யாரும் இரண்டாம் தடவை டீ வாங்கிக் கொடுத்ததில்லை. கிளாஸைக் கையில் கொடுத்தால் முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் என்ன கிடக்கிறது என்று ஆராய்வார். கடைசியில் வாங்கிக் கொடுத்த ஆளின் முகத்தை அதே மாதிரி ஆராய்வார். "எதுக்கு இன்னைக்கு டீ?" என்று கேட்டுப் பதில் வந்த பிறகுதான் முதல் வாய் உள்ளே போகும். அதற்குள் டீ ஆறியிருக்கும், வாங்கிக் கொடுத்தவருக்கும் ஆசை ஆறியிருக்கும்.

அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வாலிப வயதில் வந்து தாதர் ஸ்டேஷனில் இறங்கிய அன்றைக்கு, கூட்டி வந்த சொந்தக்காரர் "பெட்டியை நான் பாத்துக்கிடுதேன், நீ போய்த் தண்ணி பிடிச்சிட்டு வா" என்றார். பூதத்தான் சொம்போடு திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. தோல் பதனிடும் கம்பெனியில் சேர்ந்து கையெல்லாம் வெந்து, பிறகு ஒரு இலை வியாபாரியிடம் மூட்டை தூக்கி, அவருக்குப் பிறகு மாட்டுங்கா மார்க்கெட்டில் தானே வாழையிலைக் கடை போட்டு நிமிர்ந்தார். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெட்டியை அவர் மறக்கவில்லை. உலகத்தில் எல்லாரும் தன் பெட்டியைத் தூக்க வந்தவர்கள் என்றே நினைத்தார்.

வீடு தாராவியின் ஓரத்தில், நாலாவை ஒட்டி. சாக்கடை ஓடும் அந்த நாலாவில் கடல் ஏறும் நேரம் உப்புத்தண்ணீரும் ஏறி வரும். வீட்டுக்குப் பின்னால் இலைக்கட்டுகள் வைக்க ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாழைக்கூட்டம். அந்த வாழையும் அவர் ஏமாந்த கதைதான். தெற்கேயிருந்து இலை ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவரிடம் நல்ல நாட்டு வாழைக் கன்று ஒன்று கேட்டிருந்தார். வந்த கன்று வளர்ந்து, குலை தள்ளி, பழுத்தது. ஆசையாக ஒன்றை உரித்து வாயில் போட்டவருக்குப் பல் ஆடிப்போயிற்று. பழம் முழுக்க மிளகைவிடப் பெரிதாகக் கறுப்புக் கொட்டைகள், பேருக்குக் கொஞ்சம் சதை. அந்த டிரைவர் வழியெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போயிருப்பான் என்று பூதத்தான் உறுதியாக நம்பினார். ஆனால் இலை நன்றாக இருந்தது. அகலமான இலை, மடக்கினால் கிழியாது. லாரி வராத முகூர்த்த நாட்களில் மானத்தைக் காப்பாற்றியது. அதனால் விட்டுவைத்தார்.

ஒரு மழைக்காலத்தில் நாலாத் தண்ணீரும் கடல் தண்ணீரும் சேர்ந்து தெருவுக்குள் ஏறி, வடிய மனமில்லாமல் நின்றது. அடுத்த சந்தில் கரீம் பாட்சா ஆசையாக வளர்த்த செவ்வாழை அடியிலேயே அழுகிச் சாய்ந்தது. கொட்டைவாழை மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் புது இலை விட்டது. வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பூதத்தான் மரத்தையே சந்தேகப்பட்டார். "உப்பையும் சாக்கடையையும் குடிச்சிட்டு ஜம்முனு நிக்குன்னா, இதுக்குள்ள என்னமோ இருக்கு" என்று மனைவி செல்லக்கனியிடம் சொன்னார்.

அந்த வாழைக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது. அது கல்யாணம் செய்துகொண்டது. முதல் தாரம் தங்காது என்று ஜாதகத்தில் இருக்கிற மாப்பிள்ளைகளுக்கு ஒரு பரிகாரம் உண்டு. வாழைமரத்துக்கு முதலில் தாலி கட்டி, உடனே மரத்தை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். முதல் தாரம் போயாயிற்று, தோஷம் கழிந்தது, இனிமேல் பெண்ணைக் கட்டலாம். மும்பையில் வேரோடு நிற்கிற வாழைக்கு எங்கே போவது? பந்தல் வாசலில் கட்டுகிற மரம் ஏற்கெனவே செத்த மரம். அதற்குத் தாலி கட்ட எந்தப் பூசாரியும் சம்மதிக்க மாட்டார். ஆகவே தாராவியிலும் மாஹிமிலும் தோஷம் உள்ளவர்கள் பூதத்தான் வீட்டைத் தேடி வந்தார்கள். குலை தள்ளாத கன்னி மரமாகப் பார்த்துக் காட்டுவார். மஞ்சள் கயிறு கட்டி, வெட்டி, குளித்துவிட்டுப் போவார்கள்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. குலை தள்ளாத வாழையை வெட்டினால் அது சாகாது. வெட்டிய இடத்தின் நடுவிலிருந்து மறுநாளே குருத்து ஒரு விரல் நீளம் எட்டிப் பார்க்கும். மாப்பிள்ளை வீட்டார் தெரு திரும்பியதும் பூதத்தான் கத்தி முனையால் குருத்தை நோண்டிவிட்டு, மேலே ஒரு தகரத்தைக் கவிழ்ப்பார். கொஞ்ச நாளில் தகரம் தானாக ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அதற்குள் அங்கே மேளம் கொட்டி முடிந்திருக்கும். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதரை ஒருவரும் சந்தேகப்பட்டு வந்து பார்க்கவில்லை.

அஃப்ஷா வந்தது அந்த வெள்ளத்துக்குப் பிறகு. செம்பூர்ப் பெண். அப்பா கடையநல்லூர்க்காரர். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டக்கூட வராது. கல்லூரியில் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். கரீம் பாட்சா அவளுக்கு உறவு. அவருடைய செவ்வாழை செத்த கதையைக் கேட்க வந்தவள், சாகாத வாழையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அங்கிள், இது காட்டு வாழை. இங்க கட்டர் ஓரத்துல எப்படி நிக்குது? ஸச்மே, நிஜமாவே என்னால நம்ப முடியல."

"எதுக்குக் கேக்குதீய?" என்றார் பூதத்தான்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். "நாம சாப்பிடற பழத்துல விதை இல்ல, கரெக்ட்? ஒண்ணோட கன்னுதான் இன்னொண்ணு. எல்லாம் ஒரே அச்சு. ஒரு நோய் வந்தா, உப்பு ஏறினா, வெயில் ஜாஸ்தி ஆனா, தோட்டம் முழுக்க ஒரே நேரத்துல போயிடும். காட்டு வாழைக்கு விதை இருக்கு. ஒவ்வொரு விதையும் வேற வேற ஆள். ஒருத்தன் உப்பைத் தாங்குவான், ஒருத்தன் வெள்ளத்தைத் தாங்குவான். அந்த பலத்தை எடுத்து நல்ல பழத்தோட கலக்கணும்."

"எப்ப வரும் அந்தப் பழம்?"

"பத்து வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்."

பத்து வருஷம் கழித்து வந்தாலும் வரக்கூடிய ஒரு பழத்துக்காக இன்றைக்குச் சாக்கடைச் சேற்றில் செருப்போடு வந்து நிற்கிற பெண்ணை நம்பப் பூதத்தானுக்கு என்ன பைத்தியமா? தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று தெருவில் அப்போது சர்வேக்காரர்கள் கதவுகளில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு வீடு கிடைக்கும், யாரைத் தூக்கியடிப்பார்கள் என்று ஊரே தவித்துக்கொண்டிருந்தது. அவருடைய தகரக் கொட்டகைக்கு எந்த நம்பரும் இல்லை. இடத்தை அளக்க வந்தவள்தான் வாழையைச் சாக்காக வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று முடிவு கட்டினார்.

அவள் கேட்டது இரண்டே இரண்டு. ஒரு கன்று. அப்புறம், குலை தள்ளி நின்ற ஒரு மரத்தில் காய்கள் மரத்திலேயே பழுத்து, உள்ளே கொட்டை கறுக்கும்வரை அதை வெட்டாமல் விட வேண்டும். இளங்கொட்டை முளைக்காதாம்.

"குடுத்துருங்கப்பா" என்றாள் மகள் மாலதி. மாஹிமில் ஒரு லேபில் ரிசப்ஷனில் இருப்பவள். "கன்னுதான கேக்காங்க, கிட்னியா கேட்டாங்க?"

மகள் சொல்லை மட்டும் அவருக்குத் தட்டத் தெரியாது. கன்றை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவள் ஏறிய பஸ்ஸிலேயே பின்வாசலில் ஏறிச் செம்பூர்வரை போனார். அவள் கல்லூரி கேட்டுக்குள் நுழைவதையும், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவன் அவளோடு பேசுவதையும் பார்த்தார். மும்பையில் கழுத்தில் அட்டை மாட்டாதவன் யார்? ஆனால் சர்வேக்காரர்களும் மாட்டியிருந்தார்கள். அது போதாதா அவருக்கு! வௌவால் கடிக்காமல் இருக்க அவள் குலைக்கு வலைப்பை கட்டி, மரத்தில் ஒரு நம்பர் அட்டையும் தொங்கவிட்டிருந்தாள். அவள் போனதும் அட்டையை அவிழ்த்து உள்ளே வைப்பார். அவள் வருகிற நாளில் மறுபடி கட்டிவைப்பார்.

இதற்கிடையில் மாலதிக்கு மாப்பிள்ளை அமைந்தது. வெங்கடேஷ், விக்ரோலிக்காரர், ஏசி மெக்கானிக். பூதத்தான் விடுவாரா? வேலை செய்யும் கடையில் போய் வாடிக்கையாளர்போல் விசாரித்தார். கட்டிப் பிடிக்கிற சாக்கில் வாயை மோந்தார். குடி இல்லை, கடன் இல்லை, குறை இல்லை. அதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் ஜாதகம் பார்த்தவர், முதல் தாரம் தங்காது என்று சொன்னதும், "ஆங், அதான பாத்தேன்!" என்று அவருக்கு ஒரு கணம் நிம்மதியே வந்தது. மறுகணம்தான் அந்த முதல் தாரம் தன் மகள் என்பது உறைத்தது.

"அதுக்கு என்ன சம்பந்தி, பரிகாரம் பண்ணிட்டாப் போச்சு" என்றார் வெங்கடேஷின் தாயார் மீனாட்சியம்மாள். "உங்க வீட்டுப் பொறத்தாலயே வாழை நிக்காமே. எத்தனை பேருக்குத் தோசம் களிச்சிக் குடுத்திருக்கீய. நமக்குன்னா செய்ய மாட்டீயளா?"

பூதத்தான் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அந்த மரம் சாகாது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இதுவரை தாலி கட்டி வெட்டிய அத்தனை பேரும் வாசலில் வந்து நிற்பார்களே. "குலை தள்ளுன மரமாப் பாத்துக் கெட்டுவமா? வெட்டுனா அதோட முடிஞ்சிரும்" என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தார்.

"நல்லாச் சொன்னீய போங்க! பிள்ளைத்தாச்சிக்கா தாலி கெட்டச் சொல்லுதீய?" என்று மீனாட்சியம்மாள் ஒரே போடாகப் போட்டார். பூசாரியும் கன்னி மரம்தான் என்று சொல்லிவிட்டார்.

வெங்கடேஷ் வெட்கத்தோடு மஞ்சள் கயிற்றைக் கட்டினார். கத்தியை வாங்கி வெட்டினார். மரம் சாய்ந்தது. எல்லாரும் பாயசம் குடித்துவிட்டுப் போனார்கள். பூதத்தான் வழக்கம்போல் குருத்தை நோண்டித் தகரத்தைக் கவிழ்த்தார். வழக்கத்தைவிட ஆழமாக நோண்டினார். மறுநாள் காலையில் தகரத்தைத் தூக்கிப் பார்த்தால், பச்சைக் குருத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ தடவை பார்த்த குருத்துதான். இந்தத் தடவை பயந்துவிட்டார். முதல் தாரம் உயிரோடு இருக்கிறாள். அப்படியானால் போகப்போகிறவள் யார்? வாழ்நாள் முழுக்க மற்றவர்களைச் சந்தேகப்பட்டவருக்குத் தன் கைவேலையையே சந்தேகப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

திரும்ப நோண்டினார். திரும்ப வந்தது. அந்த வாரம் அஃப்ஷா குலையைப் பார்க்க வந்தபோது சுற்றி வளைத்துக் கேட்டார். "ஏம்மா, ஒரு வாளைய வெட்டுனா அது எப்பதான் சுத்தமாச் சாவும்?"

குலையை வெட்டிவிடப் போகிறாரோ என்று அவளுக்குப் பதற்றம். வாழையின் அருமையைச் சொன்னால் மனம் மாறுவார் என்று நினைத்தாள் பாவம். "மேல நிக்கறது மரமே இல்ல அங்கிள், வெறும் இலைமட்டை. நிஜச் செடி மண்ணுக்கு அடியில கிழங்கா இருக்கு. இந்தக் கூட்டம் முழுக்க ஒரே செடி. ஒண்ணை வெட்டினாலும் பக்கத்துல ஒண்ணு நிக்கற வரைக்கும் அது உயிரோடதான் இருக்கும். அதான் இதோட கெத்து!"

ஞாயிற்றுக்கிழமை செல்லக்கனியும் மாலதியும் மாஹிமுக்குப் புடவை எடுக்கப் போனார்கள். பூதத்தான் கடப்பாரையை எடுத்தார். வெட்டிய மரம், வெட்டாத மரம், கன்று, கிழங்கு, வேர் என்று ஒன்று விடாமல் தோண்டி, தண்ணீர் வடிகிற நேரம் பார்த்து நாலாவில் தள்ளினார். வலைப்பை கட்டிய மரம் கடைசி. "மவளா, கொட்டையா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு அதையும் சாய்த்தார். குலையை மட்டும் நாலாவில் போட மனம் வராமல் கொட்டகையில் வைத்தார்.

புடவைப் பையோடு வந்த மாலதி குழியைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், தகரம் கவிழ்த்த கதை உட்பட. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா கடப்பாரையை இன்னும் கீழே வைக்காததைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "எனக்காகவாப்பா?" என்றாள். அப்புறம், "அந்தப் பொண்ணுக்கு என்னப்பா பதில் சொல்லுவீங்க?" என்றாள்.

அஃப்ஷா வந்து குழியைப் பார்த்துவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தாள். ஒரு காயைப் பிளந்தாள். உள்ளே கொட்டைகள் அரிசிபோல் வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் நசுங்கின. "இன்னும் கொஞ்ச நாள்தானே கேட்டேன் அங்கிள்" என்று சொல்லி அழுதுவிட்டாள். பூதத்தான் காரணம் சொல்லவில்லை. குனிந்து, சிதறிய வெள்ளைக் கொட்டைகளைப் பொறுக்கினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, விதை போச்சு. நல்லவேளை, அன்னிக்கு நீங்க குடுத்த கன்னு இருக்கு."

பூதத்தான் நிமிர்ந்தார். "அது உசுரோடயா இருக்கு?"

"சூப்பரா இருக்கு! உப்புத்தண்ணி ஊத்தி ஊத்திப் பாக்கறோம், அசையல. பக்கத்துல கன்னும் விட்டாச்சு." அவர் கண்கள் விரிந்ததை அவள் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். "டென்ஷன் எடுக்காதீங்க அங்கிள். உங்க வாழை எங்கயும் போகல."

கல்யாணப் பத்திரிகை ஏற்கெனவே எல்லாருக்கும் போய்விட்டது. மறுநாளே பூதத்தான் இலை அறுக்கிற கத்தியைச் செய்தித்தாளில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு செம்பூர் பஸ் ஏறினார். கேட்டில் அஃப்ஷாவின் பெயரைச் சொன்னதும் வாட்ச்மேன் உள்ளே விட்டான். அவள் ஓடி வந்து, தோட்டத்துக்குப் பின்னால் வலைக்கூரை போட்ட இடத்துக்குக் கூட்டிப் போனாள். தொட்டிகளில் வரிசையாக வாழைகள். தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. கடையில் விற்கிற ஜாதி வாழைகள் இலை கருகி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றன. நடுவில் அவருடைய கொட்டைவாழை, ஒரு பழுப்பு இலைகூட இல்லாமல். அடிக்கிழங்கில் அன்று அவர் பெயர்த்தெடுத்த வெட்டுத்தழும்பு அப்படியே இருந்தது.

"டீ கொண்டு வரேன் அங்கிள், உக்காருங்க" என்று அவள் போனாள்.

பூதத்தான் கத்தியை வெளியே எடுத்தார். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். தாயைச் சுற்றிக் கன்றுகள். கன்றுகளைப் பெயர்த்து வைத்த தொட்டிகள். அதற்கும் அப்பால், கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள், பாட்டில் பாட்டிலாக, விரல் அளவுக்குப் பச்சைக் குஞ்சுகள். எதை என்று வெட்டுவது? வேறு எந்தெந்த ஊருக்கு இதை அனுப்பியிருக்கிறாளோ. கடப்பாரையை எடுத்துக்கொண்டு தேசமெங்கும் அலைய முடியுமா? தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவருக்கு ஒரு யோசனை தட்டியது. கூட்டம் முழுக்க ஒரே செடி என்றாளே. அப்படியானால் இத்தனை வருஷமாகத் தாராவி மாப்பிள்ளைகள் எல்லாரும் தாலி கட்டியது ஒரே பெண்ணுக்குத்தான். அவள் ஒரு தடவைகூடச் சாகவில்லை. அவர்களுடைய மனைவிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். ஒருத்தி போன வாரம் குழாயடியில் தெருவையே கிழித்தாள். ஒருத்தி பேரனைத் தூக்கிக்கொண்டு இலை வாங்க வந்தாள். இன்னொருத்தி புருஷனை அடித்துத் துரத்திவிட்டுச் சவுக்கியமாக இருக்கிறாள். சந்தேகம் விடாமல் மறுபடி ஒரு சுற்று நினைத்துப் பார்த்தார். ஒருத்திகூடச் சாகவில்லை.

வாழையின் தண்டைத் தொட்டார். "இத்தனை பேரை விட்டு வச்சிருக்க. எம் மவளையும் விட்டு வையி, தாயி. உன்னை அடியோட அழிக்கப் பாத்தேன், மனசுல வச்சிக்கிடாத" என்று வாய்விட்டே சொன்னார்.

பின்னால் காலடிச் சத்தம் நின்றது. இரண்டு கிளாஸ் டீயோடு அஃப்ஷா அங்கேயே நின்றுவிட்டாள். அவள் கண் அவர் மடியில் கிடந்த கத்தியின் மேல் இருந்தது. அப்புறம் அவர் முகத்துக்கு வந்தது. இந்தப் பார்வையை அவருக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாளெல்லாம் அவர் மற்றவர்களைப் பார்த்த பார்வைதான் அது. தன் மேல் விழுந்தபோது எவ்வளவு சுட்டது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

கத்தியைத் திருப்பிப் பிடியை அவள் பக்கம் நீட்டினார். "நீயே வச்சிக்கம்மா. கல்யாணத்துக்கு வந்திரு. வரும்போது இதுல ஒரு கன்னு கொண்டா. நின்ன எடத்துலயே வைக்கணும்."

அவள் கிளாஸ்களைப் பக்கத்துத் தொட்டியில் வைத்துவிட்டுக் கத்தியை வாங்கித் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். டீயை மட்டும் கையை நீட்டிக் கொடுத்தாள். அவர் மோந்தும் பார்க்கவில்லை, தூக்கியும் பார்க்கவில்லை. சுடச்சுட ஒரு வாய் குடித்தார்.

அஃப்ஷா இன்னும் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்கு அங்கிள் கன்னு?" என்று கேட்டாள்.